ஈரக் கழிவு போக

கோவையிலிருந்து வாடகைக்கு வந்த லென்ஸை
முதலில் இலைத் தராசில்தான் தொங்கவிட்டேன்.
முள் இரண்டு கிலோ நூறைத் தொட்டு
நடுங்கி நின்றது.
"பச்சை இலையா இருந்தா
இன்னைக்கு விலைக்கு நாப்பத்தாறு ரூபா" என்றான் நஞ்சுண்டன்.
"பனி நாளு. ஈரக் கழிவு பத்து சதம் போக
நாப்பத்தொண்ணு சொச்சம்."

புதிதாக வாங்கினால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
ஐந்து டன் இலை.
பதினோரு வருடமாக எடை எழுதும் கைக்குக்
கணக்கு வேறெப்படி ஓடும்?

அறுநூறு வரை நீள்கிறது அது.
நீட்டினால்
எதிர்ச்சரிவுக் கொடியில் காயும் சட்டையில்
ஒரு பித்தான் இல்லாதது தெரிகிறது.
அன்று மதியம் முழுக்க
பறவையை விட்டுவிட்டு
ஊரின் பித்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
கொஞ்சம் கூச்சமாகவும்.

மூன்று மணிக்குப் பனி ஏறியது.
தூரத்துக்கும் எனக்கும் நடுவில் எப்போதும்
கோத்தகிரிக் காற்று இருக்கிறது,
பாதி தண்ணீர்.
அறுநூறு மில்லிமீட்டரும் சேர்ந்து
அந்தத் தண்ணீரைத்தான்
என் மூக்கருகே இழுத்து வந்தன.

ஞாயிறு, லாங்வுட் சோலை.
ஏழு மணியாகியும் உள்ளே
மூடிய தகர டப்பாவின் இருட்டு.
ஜெசிந்தா அட்டைக்கு மூக்குப்பொடி பூசிய காலுறையோடு
பின்னால் வந்தாள்.
வந்தமர்ந்தது
கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான்,
நாலடித் தள்ளி, ஒரு குறிஞ்சித் தண்டில்,
பணம் கொடுக்க வந்ததுபோல்.
ர்ர்ர், ர்ர்ர் என்று
முன்னும் பின்னும் தேடியது லென்ஸ்.
ஒன்பதடிக்கு உள்ளே வந்தவர்களை
அதற்கு அடையாளம் தெரியாது.

பின்வாங்கினேன்.
ஜெசிந்தாவின் காலை மிதித்தேன்.
அவள் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.
பறவை அப்போதும் போகவில்லை,
அதுதான் இன்னும் உறுத்துகிறது.
கிடைத்த படம் ஒன்றே ஒன்று:
உளுந்து மாவு தூவியதுபோல் இருட்டு,
நடுவில் ஆரஞ்சாக ஒரு நகர்வு.

குன்னூர் பெட்போர்டில்
ஒரு பல் மருத்துவர் தன் பழைய முந்நூறை விற்கிறார்.
நீளம் பாதி. வெளிச்சம் இரண்டு பங்கு.
ஐந்தடிவரை வருபவரைத் தெரிந்துகொள்ளும்.
வாய்க்குள் பார்க்கிற விளக்கை
லென்ஸுக்குள் அடித்து,
"மறைக்கலம்மா. இதோ, ஓரமா,
சொத்தை ஆரம்பம்" என்றார்.
கண்ணாடியின் அடியில்
சிலந்திகூடக் கட்ட யோசிக்கும் அளவில்
ஓர் இழைப் பூஞ்சை.
மழைக்காலம் எல்லாவற்றுக்குள்ளும் வருகிறது,
பூட்டிய பெட்டிக்குள்,
முப்பத்திரண்டாயிரம் ரூபாய்க்குள்ளும்.

சீட்டுப் பணம் அதில் போயிற்று.
எடை ஒன்று இருநூறு.
இலைக் கணக்கில் இருபத்தாறு ரூபாய்.

இப்போது அது தொழிற்சாலையில்
உலர்த்தி அறையை ஒட்டிய அலமாரியில்
என் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.
பூஞ்சை அதற்கு மேல் வளரவில்லை.
கண்ணுக்கு வைத்தால் டீத்தூள் வாசம்.
கோடநாட்டுப் பாறைக்கு மேலே
கருங்கழுகு எனக்கு இன்னும் ஒரு காற்புள்ளிதான்.
அதற்கு அறுநூறு வேண்டும்,
தெரியும்.
சில இரவுகளில் அந்த விலையை
மறுபடி இலையாக்கிப் பார்க்கிறேன்.

நேற்று நாலரை மணி.
கடைசிச் சாக்கு இறக்கியாயிற்று.
புதர்ச்சிட்டு ஒன்று வந்து
காலித் தராசின் கொக்கியில் உட்கார்ந்தது.
லென்ஸ் அலமாரியில், சாவி இடுப்பில்.
நான் எழவில்லை.
முள்ளைத்தான் பார்த்தேன்.
அசையவேயில்லை.

"எழுதிக்கோ," என்றான் நஞ்சுண்டன்,
"கழிவு போக."